முப்பத்தொன்றாம் பக்கம்

காலை ஆறு பத்துக்கு லக்சனா உள்ளே வந்தாள்.

லேப்டாப் திரையின் மேல் ஓரத்தில் அவள் பெயரின் முதலெழுத்து ஒரு பச்சை வட்டத்துக்குள் தோன்றியது. இணையக் கோப்பின் முதல் பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று மின்னியது. பிறகு முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போய் நின்றது.

ரெபெக்கா காப்பியைக் கீழே வைத்தாள்.

லக்சனா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

பச்சைக் கோடு இருபது நிமிடம் அங்கேயே நின்றது. எதையும் எழுதவில்லை. எதையும் அழிக்கவில்லை. ஆறரைக்கு வட்டம் மறைந்தது.

நவம்பரில் லக்சனாவின் கடைசிக் கவிதைப் புத்தகம் வந்த வாரம் இது தொடங்கியது. முதல் நாள் ரெபெக்கா லேப்டாப்பை மூடிவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். இரண்டாம் நாள் மூடவில்லை. இப்போது ஆறு மணிக்கே கோப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாள். யாரோ லக்சனாவின் கணக்கைத் திறக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யார் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அவள் கண்டுபிடிக்கவில்லை.

கணவன் ஷைன் டை கட்டிக்கொண்டே படியிறங்கி வந்தான்.

"வந்தாச்சா உன் ஃப்ரெண்ட்?"

"போயாச்சு."

"இன்னிக்காவது ஹாய் சொன்னியா?"

"ஷைன்."

"இல்ல, இத்தனை வருஷப் பழக்கம். ஒரு ஹாய் கூட இல்லன்னா எப்படி." அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றினான். "பாஸ்வேர்டை யாராவது எடுத்திருப்பாங்க, பெக்கி. ஃபைலை க்ளோஸ் பண்ணு. புக் தான் வந்தாச்சே."

அவன் ட்ரெயினுக்குக் கிளம்பினான். நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் ஜனவரி ஆறரை மணி இருட்டு. காரின் பின்விளக்குகள் திருப்பத்தில் மறைந்தன.

ரெபெக்காவும் லக்சனாவும் ஹியூஸ்டனில் ஒரு எழுத்துப் பயிற்சி வகுப்பில் சந்தித்தார்கள். பன்னிரண்டு பேரில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஆசிரியை ஒரு வருடம் முழுக்க இருவரின் பெயரையும் மாற்றியே அழைத்தார். லக்சனா ஹியூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கவிதை எழுதினாள். ரெபெக்கா மார்த்தாண்டத்திலிருந்து படிக்க வந்தவள். கதை எழுதினாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். லக்சனா தமிழ் பேசியது ரெபெக்காவின் தமிழைக் கேலி செய்வதற்காக மட்டும்.

படிப்பு முடிந்து ஒருத்தி ஃப்ரீமான்ட் போனாள். இன்னொருத்தி நியூ ஜெர்சி வந்தாள். பதினொரு வருடம் ஒரே கோப்பில் எழுதினார்கள். அதில் ஒரு பழக்கம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தியும் மற்றவளாக ஒரு பக்கம் எழுத வேண்டும். வேஷம் என்று அதற்குப் பெயர் வைத்தது லக்சனா. பக்கத்தில் பெயர் போடக் கூடாது. மாதக் கடைசி ஞாயிறு இருவரும் படிப்பார்கள். எதிராளி உன்னைப் போல எழுதிக் காட்டிய தந்திரத்தை நீ இனிமேல் பயன்படுத்தக் கூடாது. பிறகு அந்தப் பக்கங்களை அழித்துவிடுவார்கள்.

சென்ற பிப்ரவரியில் கடைசி ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு, ஃப்ரீமான்டில் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், லக்சனா விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது முப்பத்தொன்பது. அந்த மாதத்து வேஷங்கள் அழிக்கப்படாமல் கோப்பில் இருந்தன. முப்பத்தொன்றாம் பக்கம் ரெபெக்கா எழுதியது. முப்பத்திரண்டு லக்சனா எழுதியது.

லக்சனா தன் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு கவிதை எழுதியிருந்தாள். முதல் புத்தகத்தில். பதினான்கு வயதில் ஒரு ஜனவரி இரவு அப்பா செல்வராஜா அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். அம்மா நேசமலர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கவிதை அவ்வளவுதான். புத்தகம் வந்த கோடையில் ஒரு கல்யாண வீட்டில் நேசமலர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல. அவள் கதை எழுதுறவள்." அன்றிலிருந்து லக்சனா அம்மாவுடன் பேசவில்லை. ஆறு வருடம். அம்மாவைப் பற்றி எழுதவும் இல்லை.

"அம்மா பொயம் இருக்கான்னு எடிட்டருங்க கேக்கிறாங்க," என்று ஒருமுறை போனில் ரெபெக்காவின் தமிழிலேயே சொல்லிச் சிரித்தாள். "மாம்பழமும் வரணுமாம். நம்ம பொண்ணுங்க யாராவது ஒருத்தி அம்மாவையும் மாம்பழத்தையும் எழுதினா அவங்களுக்கு நித்திரை வரும்."

ரெபெக்கா பிப்ரவரி வேஷத்தில் மாம்பழம் போடவில்லை. அம்மாவைப் போட்டாள். குளியலறையில் அம்மா மகளுக்கு முடி வெட்டுகிறாள். நிரம்பிய பாத்திரத்தைப் பிடிப்பது போல மகளின் தலையைப் பிடித்திருக்கிறாள். மகள் அசையவில்லை. கடைசி வரிகள்: நான் சிந்தவில்லை, அம்மா. இத்தனை தூரம் வந்தும் சிந்தவில்லை.

லக்சனா சீக்கிரமே படித்துவிட்டாள். ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். அழகாயிருக்கு. ஆனால் நான் இவ்வளவு நல்லவள் இல்லை.

இறந்த பிறகு ஓக்லண்டிலிருந்து பதிப்பாசிரியர் அழைத்தார். கோப்பிலிருந்து தொகுப்பை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும், உங்களை விட அவரை யாருக்குத் தெரியும் என்றார். ரெபெக்கா தயாரித்தாள். நாற்பத்தாறு கவிதைகள். முப்பத்தொன்றாம் பக்கத்தையும் சேர்த்து நாற்பத்தேழு அனுப்பினாள்.

மறதி என்று சொல்ல முடியாது. ஓரக் குறிப்பை அவளே நீக்கியிருந்தாள்.

பெர்க்லியில் புத்தகக் கடையில் வெளியீடு நடந்தது. ஒரு நடிகை கவிதைகளை வாசித்தாள். முடி வெட்டும் கவிதை வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு இன்னொருத்தி. ஆயுதத்தைக் கீழே வைத்த கவிதை என்று ஒரு மதிப்புரை எழுதியது. ரெபெக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாவல் நான்கு வருடமாகப் பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் எழுதியதற்கு யாரோ அழுவதை அன்றுதான் முதலில் பார்த்தாள்.

முப்பத்திரண்டாம் பக்கத்தைக் கோப்பிலிருந்து வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை வாட்ஸ்அப்பில் நேசமலரிடமிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் நீல மையில் தமிழ். கூடவே குரல் செய்தி.

"பிள்ளை, நேசமலர் கதைக்கிறன். அடுத்த மாதம் அவள் போய் ஒரு வருசம், ஆட்டத் திவசம். ஒரு நினைவு மலர் அடிக்கிறம். அவளின்ர அந்த முடி வெட்டுற கவிதையை நான் தமிழில எழுதிப் பாத்தனான். திங்கட்கிழமை டொரண்டோவுக்கு, அச்சடிக்கிற ஆளுக்கு அனுப்ப வேணும். நீர் படிச்ச பிள்ளை. ஒருக்காப் பாரும்."

ரெபெக்கா படித்தாள். மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது. தன் ஆங்கிலத்தைவிட. ஆனால் நடுவில் இரண்டு வரிகள் கூடுதலாக இருந்தன. அவள் அழைத்தாள்.

"ஆன்டி, நல்லா இருக்கு. ரெண்டு லைன் மட்டும் இங்கிலீஷ்ல இல்ல. நீலத் துவாய், டவல்னு ஒண்ணு, மழைன்னு ஒண்ணு."

"ஓம். நான்தான் போட்டனான். அவள் விட்டிட்டாள்."

"விட்டுட்டாளா?"

"துவாய் நீலம், பிள்ளை. வெளியில மழை." நேசமலர் சற்று நிறுத்தினார். "முதல் வாசிக்கேக்க எனக்கு ஒண்டும் நினைவு வரேல்ல. நான் அவளின்ர தலையில கை வைக்கிறது பின்னிவிடத்தான். வெட்டினதெண்டு ஞாபகமே இல்ல. பிறகு நெடுக வாசிச்சன். கிறிஸ்மஸுக்கு முதல் ஒருநாள் டக்கெண்டு வந்திட்டுது. ஏழு வயசு அவளுக்கு. பின்கழுத்தில ஒரு மச்சம். அதில கத்தரிக்கோல் பட்டிடுமோ எண்டு பயந்து பயந்து வெட்டினனான்."

லக்சனாவுக்குப் பின்கழுத்தில் மச்சம் உண்டு. கவிதையில் மச்சம் இல்லை.

"அவள் எழுதாட்டி நான் மறந்தபடியே செத்திருப்பன்," என்றார் நேசமலர். "கேட்கிறீரோ?"

"கேக்குது ஆன்டி."

அன்று மாலையே மார்த்தாண்டத்துக்கு அழைத்தாள். அங்கே விடிந்திருந்தது. அம்மா கிருபாராணி சமையலறையில் இருந்தார். குக்கர் விசில் கேட்டது.

"அம்மா, சின்னதுல எனக்கு பாத்ரூம்ல வச்சு முடி வெட்டினியே. ஓர்மை இருக்கா?"

"இல்லாமயா? பேனு. ஊருல இல்லாத பேனு ஒந் தலையில. வெட்டி உட்டேன். எதுக்குட்டி கேக்க?"

"நான் அசையாம இருந்தேன்ல?"

கிருபாராணி சிரித்தார். "நீயா? நீ போட்ட கூப்பாட்டுல நாகலக்ஷ்மி டீச்சரு மதிலுக்கு மேல எட்டிப் பாத்தாவ. ரெண்டு பேரு சேந்துல்லா ஒன்னப் பிடிச்சோம்." குக்கரை அணைத்தார். "என்ன, கதையில எழுதப் போறியா? பேன எழுதாதட்டி. நாலு பேரு வாசிக்கது."

போனை வைத்துவிட்டு ரெபெக்கா கண்ணை மூடிப் பார்த்தாள். மார்த்தாண்டத்துக் குளியலறையின் சிமென்ட் தரை வரவில்லை. அம்மாவின் கையும் வரவில்லை. நீலத் துவாய் வந்தது. மழைச் சத்தம் வந்தது. குனிந்த கழுத்தில் ஒரு மச்சம்.

வெள்ளிக்கிழமை அவள் நேசமலரைப் பார்க்கக் கிளம்பிப் பை கட்டும்போது ஷைன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"சொல்லத்தான் போறியா?"

"திங்கக்கிழமை பிரிண்ட்டுக்குப் போகுது."

"போகட்டுமே. அந்த ஆன்டிக்கு ஒரு நிம்மதி. யாருக்கு நஷ்டம்?"

"நடக்காத ஒண்ணை அவங்க ஞாபகம் வச்சிருக்காங்க, ஷைன்."

"எங்க சித்தப்பா காமராஜரோட காப்பி குடிச்சதா ஞாபகம் வச்சிருக்கார். நாங்க யாராவது ஃப்ளைட் பிடிச்சுப் போய் இல்லன்னு சொன்னோமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"நீ சொல்றது அவங்களுக்காகவா, உனக்காகவா?"

"தெரியல."

"தெரிஞ்சதும் போ."

அவள் முப்பத்திரண்டாம் பக்கத்தை அச்செடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

விமானத்தில் அதை எடுத்துப் படித்தாள். தேவையில்லை. மனப்பாடம்தான். உரைநடை. ரெபெக்காவாக வேஷம் போட்டு லக்சனா எழுதியது. அதில் ஒரு பெண் சொல்கிறாள்: ஞாயிறு நாலு மணிக்கு அம்மா அழைப்பாள். நான் எடுக்க மாட்டேன். அம்மா குரலைப் பதிந்துவிட்டு வைப்பாள். ஆறு வருடத்துக் குரல்கள் என் போனில் இருக்கின்றன. ஒன்றையும் கேட்டதில்லை. ஒன்றையும் அழித்ததில்லை. அம்மா செத்த பிறகு கேட்பதற்காக வைத்திருக்கிறேன்.

ரெபெக்காவின் அம்மா சனிக்கிழமை அழைப்பார். ரெபெக்கா ஒருமுறைகூட எடுக்காமல் இருந்ததில்லை. பதினொரு வருடத்தில் லக்சனாவின் வேஷம் அந்த ஒருமுறைதான் கலைந்திருந்தது.

கேட்டியில் வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. நேசமலர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். சிறிய உருவம். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர்.

"வாரும். மெலிஞ்சு போனீர். நியூ ஜெர்சியில சாப்பாடு இல்லையோ?"

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் லக்சனாவின் படம். அதன் முன்னால் விபூதித் தட்டு. பக்கத்தில் ஒரு லேப்டாப். மூடியில் ஃப்ரீமான்ட் நூலகத்தின் ஸ்டிக்கர். ரெபெக்கா அதை அடையாளம் கண்டாள்.

"அவளின்ர சாமானோட வந்தது," என்றார் நேசமலர். "சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் திறந்து தந்தவன். காலமை ஐஞ்சு பத்துக்கு எழும்பித் திறப்பன். கவிதையைப் பாப்பன். பிறகு தேத்தண்ணி."

டெக்ஸஸில் ஐந்து பத்து. நியூ ஜெர்சியில் ஆறு பத்து.

"நீங்களா ஆன்டி."

"ஓம். நீரும் அந்த நேரம் நிப்பீர். மேல உம்மட பேர் தெரியும்."

"ஒண்ணுமே டைப் பண்ணலையே நீங்க."

"அவளின்ர பேரில நிண்டு நான் கதைச்சா உமக்குப் பயம் வராதோ?" நேசமலர் தேநீரை அவள் பக்கம் தள்ளினார். "இன்னொருத்தரும் முழிச்சிருக்கினம் எண்டு நினைப்பன். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

ரெபெக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லத் தொடங்கினாள். நேசமலர் அதற்குள் ஒரு பழைய சிறு புத்தகத்தை எடுத்து வந்தார். மஞ்சள் அட்டை. ஒரு கிழவரின் படம்.

"இது என்ர அப்பாவின்ர கல்வெட்டு. கல்லு இல்லை, பிள்ளை, புத்தகம்தான். எங்கட ஊரில செத்த வீட்டுக்கு அடிக்கிறது. பாரும், மகள் புலம்பல் எண்டு இருக்கு. நான் புலம்புற மாதிரி. நான் எழுதேல்ல. ஊரில ஒரு வாத்தியார் இருந்தவர். எல்லா வீட்டுக்கும் அவர்தான். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல்."

"அவர் எழுதினதுன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"ஏன் தெரியாது? தெரிஞ்சுதான் அழுறது. பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் ஒரே பாட்டு. பேரை மட்டும் மாத்துவார்." நேசமலர் லேசாகச் சிரித்தார். "ஒருக்கா மாத்த மறந்திட்டார். வேற ஒருத்தியின்ர புருசனுக்கு ஒரு மனுசி அழுதவா."

ரெபெக்காவுக்குள் ஏதோ தளர்ந்தது. இந்தப் பெண்மணியிடம் சொல்லலாம் என்று தோன்றியது. புரிந்துகொள்வார்.

நேசமலர் புத்தகத்தை மூடினார்.

"இவளின்ர மலருக்கும் யாரையும் பிடிச்சு எழுதுவிப்பம் எண்டு டொரண்டோவில சொன்னவை. நான் வேண்டாம் எண்டிட்டன். என்ர பிள்ளை தானே எனக்கு எழுதி வைச்சிருக்கிறாள். அதுக்குப் பக்கத்தில இன்னொருத்தரின்ர சொல்லு வரக்கூடாது."

வெளியே யாரோ இலை ஊதும் இயந்திரத்தை ஓட்டினார்கள். நின்றது.

"அவள் என்னோட கதைக்கேல்ல எண்டு உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஞாயிற்றுக்கிழமையில நான் அவளுக்குக் கோல் எடுப்பன். அவள் தூக்க மாட்டாள். மெசேஜ் விடுவன். சாப்பிட்டியோ, குளிரோ எண்டு. ஒருநாள் மற்றதையும் சொல்லிப்போட்டன்." அவர் லேப்டாப்பின் மூடியைத் துடைத்தார். தூசி இல்லை. "அந்த ஜனவரி. அவர் கதவைப் பூட்டினது. நான் உள்ளுக்கு நிண்டனான். திறப்பு, நீங்கள் சாவி எண்டுறது, என்ர கையில இருந்தது, பிள்ளை. அவள் அதை எழுதேல்ல. அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னனான். நீ உண்மையைத்தான் எழுதினனி, நான்தான் பொய் சொன்னனான் எண்டு சொன்னனான். போன தை மாதம்."

ரெபெக்கா கணக்குப் பார்த்தாள். ஜனவரியில் செய்தி. பிப்ரவரியில் வேஷம்.

"அடுத்த மாதம் இதை எழுதியிருக்கிறாள். சிந்தேல்ல அம்மா எண்டு. அப்ப கேட்டிருக்கிறாள்தானே? கேட்டுப்போட்டுத்தானே எழுதியிருக்கிறாள்?"

ரெபெக்கா கைப்பையின் ஜிப்பில் விரலை வைத்தாள்.

"அவளின்ர போனைத் திறக்க ஏலேல்ல. நம்பர் ஒருத்தருக்கும் தெரியாது. நீர் ஒவ்வொரு கிழமையும் அவளோட கதைச்சனீர். அதுதான் உம்மைக் கேக்கிறன். சொன்னவளோ, அம்மான்ர மெசேஜைக் கேட்டனான் எண்டு?"

கண்ணாடிக் கதவு நேசமலரின் பின்னால் இருந்தது. அதற்கு வெளியே ஒரு சிமென்ட் மேடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சின்ன இடம். கவிதையில் பெரிதாக இருந்தது. ரெபெக்கா அந்த நாற்காலியைப் பார்த்தபடி இருந்தாள். ஆமாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை லக்சனாவின் குரலில் சொல்லக்கூட அவளால் முடியும். பதினொரு வருடப் பழக்கம்.

"ஆன்டி," என்றாள். "அந்தக் கவிதையை நான் எழுதினேன்."

நேசமலர் அவளைப் பார்த்தார்.

"நாங்க ஒரு கேம் விளையாடுவோம். அவ நானா எழுதுவா, நான் அவளா எழுதுவேன். அது நான் எழுதினது. புக்ல நான்தான் சேர்த்தேன். தெரிஞ்சே சேர்த்தேன். பப்ளிஷர்கிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

"நீலத் துவாய்," என்றார் நேசமலர்.

"எனக்குத் தெரியாது ஆன்டி. அது நான் எழுதல."

"மச்சம் இருந்தது."

"இருந்தது."

நேசமலரின் வலது கை மேசைமேல் இருந்தது. இரண்டு விரல்கள் மெல்ல விரிந்தன. சேர்ந்தன. மறுபடி விரிந்தன. கத்தரிக்கோல் பிடிப்பது போல. அவர் அதைக் கவனிக்கவில்லை. ரெபெக்காவால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

தேநீரில் ஆடை படிந்தது. ரெபெக்காவின் மடியில் கைப்பை கனத்தது. உள்ளே நான்காக மடித்த முப்பத்திரண்டாம் பக்கம். அவள் அதன் பிடியை இறுக்கினாள்.

விரல்கள் நின்றன. நேசமலர் ஸ்வெட்டரின் முன்பக்கத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். குரல் சாதாரணமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று கேட்பது போல.

"அப்ப அவள் எனக்கெண்டு என்னதான் எழுதினவள், பிள்ளை?"